சக்கரமும் சாதகமும்: குறைகடத்திப் பொறிப் பங்குகள் பற்றிய எதிர்வுகூறல்கள்

ஆங்கிலப் பொருளியலாளரான வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ் 1875 தொடக்கம் சில ஆண்டுகளாக விசித்திரமானதோர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். பிரித்தானியாவின் வாணிப நெருக்கடிகள் பத்துப் பதினோர் ஆண்டுகளுக்கு ஒருமுறை தோன்றுவதை அவதானித்த அவர், அவற்றின் மூலகாரணத்தைச் சூரியனிலே தேடினார். சூரியப் பரப்பிலே காணப்படும் கரும்புள்ளிகள் ஒரு காலவட்டத்துக்கு அமையப் பெருகிக் குறைகின்றன. அதனால் வெப்பம் மாறுகின்றது. வெப்பத்தால் இந்தியாவின் விளைச்சல் மாறுகின்றது. விளைச்சல் பொய்த்த இந்தியக் குடியானவன் இங்கிலாந்தின் துணியை வாங்கமாட்டான். ஆகவே இங்கிலாந்தில் ஆலைகள் நிற்கும் என்பது அவரது வாதத்தின் சாரம். சூரியனின் காலவட்டம் 11.1 ஆண்டு, நெருக்கடிகளின் காலவட்டமோ அதனிலும் குறைவு என்ற முரண்பாடு தலைகாட்டியபோது, சூரியனின் வட்டம் 10.45 ஆண்டே எனக் கூறிய வேறொரு கணிப்பை அவர் உவகையோடு ஏற்றுக்கொண்டார். எல்லைப் பயன்பாட்டுக் கோட்பாட்டை வகுத்தோருள் ஒருவரான பேரறிஞரையே காலவட்டத்தின் கவர்ச்சி இவ்வளவு தூரம் இழுத்துச் சென்றதென்றால், இன்று நியூயோர்க்கின் பங்குத் தரகு நிலையங்களில் அமர்ந்து குறைகடத்திப் பொறி நிறுவனங்களுக்குச் சாதகம் எழுதும் ஆய்வாளரைக் குறித்து வியப்படைய வேண்டியதில்லை. ஜெவன்ஸ் தமது கணிப்புக்குக் கூலி பெறவில்லை என்பதொன்றே இரு சாராருக்குமுள்ள பெரும் வேறுபாடு.

இவர்களைச் சக்கரவாதிகள் என அழைப்பது பொருந்தும். இவர்களது கூற்று எளிமையானது. குறைகடத்திக் கைத்தொழில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்து வீழ்கின்றது. சில்லுகளைச் செய்யும் பொறிகளை விற்போரின் வருவாய் அதனிலும் வேகமாக எழுந்து வீழ்கின்றது. அந்நிறுவனங்களின் பங்கு விலையோ வருவாய்க்கு ஆறு தொடக்கம் ஒன்பது மாதங்கள் முந்தித் திரும்புகின்றது. ஆதலின் சக்கரத்தின் எப்பாகத்தில் உலகம் நிற்கின்றது என்பதை அறிந்தவன் எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்பதையும் அறிவான். (சில்லு என்ற சொல் ஈழத்து வழக்கில் வண்டிச் சக்கரத்தையும் குறிக்கும் என்பது சக்கரவாதிகளுக்குத் தெரியாதிருத்தல் நல்லது, தெரிந்தால் அதையும் ஒரு சான்றாகக் காட்டுவர்.)

இக்கூற்றில் உண்மையின் கூறு ஒன்று உண்டு என்பதை மறுப்பது நேர்மையன்று. பொறி உற்பத்தித் துறை ஏனைய துறைகளைவிட வன்மையாக ஆடுவதற்கான காரணத்தைப் பிரான்சில் அவ்ராலியன் 1913இலும், ஐக்கிய அமெரிக்காவில் ஜோன் மோரிஸ் கிளார்க் 1917இலும் விளக்கிச் சென்றனர். ஆர்முடுகல் தத்துவம் எனப் பொருளியல் மாணவர் படிப்பது இதனையே. ஓர் ஆலையில் 100 பொறிகள் உள்ளன. ஆண்டுதோறும் 10 பொறிகள் தேய்ந்து கழிகின்றன எனக் கொள்வோர், வழமையான ஆண்டில் 10 பொறிகளே கொள்வனவு செய்யப்படும் என்பதைக் காண்பர். சில்லுகளுக்கான கேள்வி ஓர் ஆண்டில் 10 சதவீதம் உயர்ந்தால் 110 பொறிகள் தேவைப்படும். எனவே அவ்வாண்டின் கொள்வனவு 20 ஆகும். கேள்வியில் பத்துச் சதவீத உயர்வு, பொறி விற்பவனுக்கு இரு மடங்கு விற்பனை. மறு ஆண்டில் கேள்வி குறையாமல் அதே மட்டத்தில் நின்றாற்கூடக் கொள்வனவு 11 ஆக வீழ்ந்துவிடும். சில்லு விற்பவனுக்கு எவ்வித நட்டமும் நேராத ஆண்டு, பொறி விற்பவனுக்குப் பேரிடி விழுந்த ஆண்டாகின்றது.

இதனோடு காலத்தாமதமும் சேர்கின்றது. சில்லாலை ஒன்றை எழுப்பிப் பொறிகளைப் பொருத்தி உற்பத்தியைத் தொடங்க இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். பன்றி விலையைப் பார்த்துப் பன்றி வளர்க்கத் தொடங்கிய ஜெர்மன் விவசாயிகள் அனைவரும் ஒரே வேளையில் சந்தைக்கு வந்து விலையை வீழ்த்திய கதையை ஆதர் ஹனவ் 1920களின் இறுதியில் ஆராய்ந்தார். அதனையே சிலந்திவலைத் தேற்றமாக 1938இல் எசெக்கியேல் விரித்துரைத்தார். நினைவகச் சில்லு உற்பத்தியாளரின் நடத்தை அவ்விவசாயிகளின் நடத்தையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. விலை உயரும்போது அனைவரும் கட்டுகின்றனர். கட்டி முடியும்போது விலை வீழ்கின்றது.

ஆகவே ஏற்ற இறக்கம் உண்டு. அதற்கான காரணமும் தெரிந்ததே. ஆனால் ஏற்ற இறக்கம் உண்டு என்பது ஒரு கூற்று. அது இன்ன ஆண்டின் இன்ன காலாண்டில் வரும் என்பது முற்றிலும் வேறான கூற்று. முதலாவதன் உண்மையைக் காட்டி இரண்டாவதை விற்பதே சக்கரவாதிகளின் தொழில். மழை பெய்யும் என்பதை எவரும் அறிவர் என்பதற்காகக் கோடை மழைக்கு நாள் குறித்துக் கொடுப்பவனுக்குத் தட்சணை வைத்தல் வேண்டுமா?

உலகச் சில்லு விற்பனை முந்திய ஆண்டைவிடக் குறைந்த ஆண்டுகளை 1985 முதல் எடுத்து நோக்கலாம். 1985, 1996, 1998, 2001, 2008-09, 2012, 2015, 2019, 2023 என அவை அமைகின்றன. ஒன்பது வீழ்ச்சிகள், எட்டு இடைவெளிகள். வீழ்ச்சி தொடங்கிய ஆண்டுகளைக் கொண்டு கணித்தால் அவ்விடைவெளிகள் முறையே 11, 2, 3, 7, 4, 3, 4, 4 ஆண்டுகள். இவற்றின் சராசரி நான்கே முக்கால் ஆண்டு எனக் கணிதம் கூறும். பதினொன்றையும் இரண்டையும் கூட்டிப் பெற்ற சராசரி எதனை உணர்த்தும்? இறுதி நான்கு இடைவெளிகள் மட்டும் ஒழுங்காக இருப்பதைக் காட்டி, அதுவே விதி என்பர் சக்கரவாதிகள். 1996 தொடக்கம் 2001 வரையுள்ள இரு இடைவெளிகளை மட்டும் பார்த்த ஒருவன், இதே ஒழுங்குணர்ச்சியுடன் அடுத்த வீழ்ச்சியை 2003இலோ 2004இலோ எதிர்பார்த்திருப்பான். அவ்வாண்டுகளில் விற்பனை வளர்ந்தது.

எட்டு இடைவெளிகள் என்பது புள்ளிவிபரவியலில் மிகச் சிறிய தொகை. ஆயினும் வளைகோட்டைக் கண்ணாற் பார்க்கும் எவருக்கும் அதில் அலை தெரியும். இவ்விடத்தில் ருசியப் புள்ளிவிபரவியலாளரான இயூஜின் ஸ்லுற்ஸ்கி 1927இல் வெளியிட்ட ஆய்வு நினைவுகூரத்தக்கது. சோவியத் அரசின் சீட்டிழுப்பில் விழுந்த எண்களின் கடைசி இலக்கங்களை எடுத்து, அவற்றைப் பத்துப் பத்தாக நகர்த்திக் கூட்டி அவர் ஒரு வரைபை அமைத்தார். எவ்விதத் தொடர்புமற்ற அவ்வெண்களின் கூட்டுத்தொகைகள் அலையலையாக எழுந்து வீழ்ந்தன. அதிலொரு பகுதியை 1855க்கும் 1877க்கும் இடைப்பட்ட இங்கிலாந்தின் வர்த்தகச் சுட்டெண்ணோடு அருகருகே வைத்தபோது இரண்டும் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. சீட்டிழுப்புக்கும் இங்கிலாந்தின் வர்த்தகத்துக்கும் எத்தொடர்பும் இல்லை என்பதே அவ்வொப்புமையின் முக்கியத்துவம். தற்செயலான அதிர்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரளும்போது, அவற்றில் இல்லாத காலவட்டம் இருப்பதுபோன்று தோன்றும். ஸ்லுற்ஸ்கி பணியாற்றிய மொஸ்கோ நிறுவனத்தின் தலைவர், நீண்ட அலைகளைப் பற்றி எழுதிய கொந்திராற்றியேவ் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அவர் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது அலைகளை இன்றும் தரகர்கள் மேற்கோள் காட்டுகின்றனர். ஸ்லுற்ஸ்கியை அவர்கள் மேற்கோள் காட்டுவது அரிது.

கோட்பாட்டை விடுத்து நிகழ்ச்சிக்கு வருவோர்க்கு 2023ஆம் ஆண்டைப் போன்ற சிறந்த சான்று வேறில்லை. அவ்வாண்டில் சக்கரவாதிகளின் அடையாளங்கள் யாவும் ஒன்றுகூடியிருந்தன. பெருந்தொற்றுக் காலத்தின் கணனி விற்பனை ஓய்ந்துவிட்டது. களஞ்சியங்களில் சில்லுகள் குவிந்திருந்தன. நினைவகச் சில்லுகளின் விலை சரிந்து சம்சுங் நிறுவனமே ஏப்ரலில் உற்பத்தியைக் குறைப்பதாக அறிவித்தது. சில்லு விற்பனை அவ்வாண்டு ஏறத்தாழ 8 சதவீதம் வீழ்ந்தது. ஆர்முடுகல் தத்துவப்படி பொறி விற்பனை இதனிலும் பன்மடங்கு வீழ்ந்திருத்தல் வேண்டும். செமி எனப்படும் பொறி உற்பத்தியாளரின் கைத்தொழிற் சங்கமும் அவ்வாறே எதிர்வுகூறியது. 2022இன் பொறி விற்பனை 107.6 பில்லியன் டொலர். 2023இல் அது 91.2 பில்லியனாகக் குறையும் என 2022 டிசெம்பரில் அச்சங்கம் கூறியது. 2023 யூலையில், அதாவது ஆண்டின் பாதி கழிந்த பின்னர், வீழ்ச்சி இன்னும் கடுமையாகும் எனக் கூறி 87.4 பில்லியன் எனத் திருத்தியது. டிசெம்பரில் 100 பில்லியன் என மீண்டும் திருத்தியது. இறுதியில் மெய்யான தொகை 106.3 பில்லியனாக அமைந்தது. வீழ்ச்சி 1.3 சதவீதம் மாத்திரமே.

ஆண்டின் நடுவில் நின்று அவ்வாண்டைப் பற்றிக் கூறிய கணிப்பில் ஏறத்தாழ 19 பில்லியன் டொலர் பிழை. இவ்வளவுக்கும் செமி என்பது தெருவோரக் குறிகாரன் அன்று. பொறி விற்போர் தாமே அங்கத்தவராயுள்ள சங்கம். கட்டளைப் புத்தகங்களை எவரிலும் அணுக்கமாக அறியும் நிலையிலிருப்பது. அதற்கே இயலாதது, வளைகோட்டை மட்டும் வைத்திருக்கும் தரகனுக்கு இயலுமாவது எங்ஙனம்?

பிழைக்கான காரணம் கணிதத்தில் இல்லை. ஐக்கிய அமெரிக்கா 2022 ஒக்ரோபர் 7ஆந் திகதி சீனாவுக்கான உயர்தரச் சில்லுப் பொறிகளின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2023 யூலையில் யப்பானும், செப்ரெம்பரில் நெதர்லாந்தும் தத்தம் கட்டுப்பாடுகளை நடைமுறைப்படுத்தின. கதவு அடைபடுமுன் வாங்கக்கூடியவற்றை வாங்கிக் குவிப்பதும், தடைக்கு உட்படாத பழைய தரப் பொறிகளைக் கொண்டு ஆலைகளை எழுப்புவதும் சீனாவின் மறுமொழியாயின. தாய்வானின் கொள்வனவு 27 சதவீதம் வீழ்ந்த அதே 2023இல், சீனாவின் கொள்வனவு 36.6 பில்லியன் டொலராக உயர்ந்தது, 2024இல் 49.6 பில்லியனை எட்டியது. நான்காண்டுச் சக்கரத்தின் எந்த ஆரக்காலில் இக்கொள்வனவு எழுதப்பட்டிருந்தது? இது சந்தையின் கேள்வியன்று. அரசின் முடிவு, அம்முடிவுக்கு எதிரான இன்னோர் அரசின் முடிவு. வரலாற்றை வளைகோடாக வரைவோர் அதில் அரசுக்கு இடம் வைப்பதில்லை. 1986இல் ஐக்கிய அமெரிக்காவும் யப்பானும் செய்துகொண்ட குறைகடத்தி உடன்படிக்கையின் காலத்திலிருந்தே இக்கைத்தொழிலில் அரசு அந்நியமாக இருந்ததில்லை என்பதை மறந்தாலன்றி இவ்வாறு வரைதல் இயலாது.

இதற்குச் சக்கரவாதிகளிடம் ஒரு மறுமொழி உண்டு. விற்பனைத் தொகை எப்படியாயினும் ஆகுக, பங்கு விலைகள் 2022 ஒக்ரோபரில் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பினவே. பிலடெல்பியா குறைகடத்திச் சுட்டெண் 2023இல் அறுபது சதவீதத்துக்கும் மேல் உயர்ந்ததே. சக்கரத்தை நம்பி வாங்கியவன் வென்றானே என்பர். வென்றான் என்பது மெய். ஆனால் அவன் எதனால் வென்றான்? 2023இல் பொறி விற்பனை வீழும், 2024இல் எழும், விலை அதனை முன்னுணரும் என்பது அவனுக்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த வீழ்ச்சி வரவேயில்லை. வந்தது, 2022 நவம்பருக்குப் பின்னர் செயற்கை நுண்ணறிவின்மீது எழுந்த பெருவெறி. 2021இன் சக்கர அட்டவணைகளில் அதற்கு ஒரு கட்டமும் இருக்கவில்லை. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததை வைத்துக் காகத்துக்குச் சம்பளம் கேட்பது இவ்வாதம். அன்றியும், சக்கரம் திரும்பும் என நம்பி 2000 மார்ச்சின் உச்சத்தில் வாங்கியவனைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. அச்சுட்டெண் அவ்வுச்சத்தை மீண்டும் கடக்க 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பதினெட்டு ஆண்டுகள். சக்கரம் திரும்பத்தான் செய்தது. இளைஞனாக வாங்கியவன் நரைத்துவிட்டான்.

குறி பார்ப்பதற்குச் சகுனம் வேண்டும். சக்கரவாதிகளுக்கு நெடுங்காலம் சகுனமாக அமைந்தது கட்டளைக்கும் விற்பனைக்கும் இடையிலான விகிதம். மாதந்தோறும் செமி வெளியிட்ட அவ்விகிதம் ஒன்றைத் தாண்டினால் வளர்ச்சி, ஒன்றுக்குக் கீழே சென்றால் வீழ்ச்சி. பல்லி சொல்லும் பலன் போன்று அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. கொள்வனவு செய்வோர் சில பெரும் நிறுவனங்களாகச் சுருங்கிய பின்னர், ஓரிருவரின் கட்டளையே அவ்விகிதத்தை ஆட்டிவைக்கும் நிலை வந்தது. 2017இன் தொடக்கத்தில் செமி அதனை வெளியிடுவதை நிறுத்தியது. பின்னர் நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் காலாண்டுதோறும் அறிவித்த கட்டளைத் தொகை பெருஞ்சகுனமாயிற்று. 2024 ஒக்ரோபர் 15ஆந் திகதி, குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாகத் தவறுதலாக வெளியான அறிக்கையில் அத்தொகை 2.6 பில்லியன் யூரோவாக இருந்தது. ஆய்வாளர் எதிர்பார்த்திருந்ததோ ஏறக்குறைய அதன் இரு மடங்கு. ஒரே நாளில் பங்கு விலை 16 சதவீதம் சரிந்தது. அதனை அடுத்த காலாண்டில் வந்த கட்டளைகளின் தொகை 7.1 பில்லியன் யூரோ. பொறி ஒன்றின் விலை இருநூறு மில்லியன் யூரோவை அண்மிக்கும்போது, பத்துப் பன்னிரண்டு பொறிகளுக்கான கையொப்பம் செப்ரெம்பரில் இடப்பட்டதா ஒக்ரோபரில் இடப்பட்டதா என்பதே காலாண்டுத் தொகையைப் பெருமளவு மாற்றிவிடும் என்பதைச் சிறு பிள்ளையும் உணரும். 2026 முதல் காலாண்டுக் கட்டளைத் தொகையை அறிவிப்பதில்லை என அந்நிறுவனம் முடிவு செய்தது. பல்லி இரண்டாவது தடவையும் சுவரை விட்டு நீங்கிவிட்டது.

சக்கரத்தைச் சரியாகவே கணித்தான் எனக் கொண்டாலும் ஒருவனுக்கு என்ன கிட்டும் என்ற வினாவும் உண்டு. பங்கு வாங்குபவன் சக்கரத்தை வாங்குவதில்லை. ஒரு நிறுவனத்தையே வாங்குகின்றான். 1980களின் தொடக்கத்தில் சில்லுகளின்மீது ஒளியால் உருவரையும் பொறிகளில் உலகின் முதன்மை நிறுவனமாக விளங்கியது மசச்சூசெட்ஸைச் சேர்ந்த ஜீ.சீ.ஏ. 1978இல் படிமுறை ஒளிப்பதிவுப் பொறியைச் சந்தைக்குக் கொணர்ந்தது அதுவே. 1985இன் வீழ்ச்சியில் அது தத்தளித்தது. வீழ்ச்சிக்குப் பின் எழுச்சி வரும் என்ற கணிப்புப் பொய்க்கவில்லை. சில்லுச் சந்தை எழுந்தது. ஆனால் எழுந்த சந்தையை நிக்கோனும் கனனும் எடுத்துக்கொண்டன. ஜீ.சீ.ஏ. 1988இல் ஜெனரல் சிக்னல் நிறுவனத்தின் கைக்கு மாறியது, அமெரிக்க அரசின் பணத்தைப் பெற்ற செமற்றெக் அமைப்பின் உதவியும் அதனைக் காப்பாற்றவில்லை, 1993இல் மூடப்பட்டது. இதே காலத்தில், வீழ்ச்சிக்கு முந்திய ஆண்டான 1984இல், ஐந்தோவனில் பிலிப்ஸ் நிறுவனத்தின் வளவிலிருந்த கொட்டகைகளில் ஏ.எஸ்.எம்.எல். தொடங்கப்பட்டது. சக்கரவாதியின் கணக்கில் அதனைவிடக் கெட்ட முகூர்த்தம் இருந்திராது. இன்று அத்துறையில் அதற்கு நிகரில்லை.

இவ்வாறு பிழைத்துக்கொண்டே இருக்கும் எதிர்வுகூறல்களால் நட்டப்படுவோர் அவற்றைக் கூறுவோர் அல்லர். கணிப்புத் தவறினால் ஆய்வாளன் புதியதோர் அட்டவணை வரைவான். ஆலையில் நிலைமை வேறு. கலிபோர்ணியாவின் லாம் றிசேர்ச் 2023 ஜனவரியில் ஏறத்தாழ 1,300 ஊழியரை, அதாவது தனது ஊழியத்தில் 7 சதவீதத்தை, நீக்குவதாக அறிவித்தது. நினைவகச் சில்லு ஆலைகளில் தங்கியிருந்த அந்நிறுவனத்தின் விற்பனை அவ்வாண்டில் குறைந்தது என்பது மெய்யே. ஆயினும் அவ்வாண்டு முடியுமுன் அதன் பங்கு விலை பெரிதும் உயர்ந்துவிட்டது. சக்கரத்தின் இறக்கம் தொழிலாளிக்கு. அதன் ஏற்றத்தை முன்னுணரும் உரிமை பங்காளிக்கு. சக்கரம் என்ற சொல் இவ்விடத்தில் செய்யும் தொண்டு கவனிக்கத்தக்கது. எத்தனை ஆலை கட்டுவது, எவரை நீக்குவது, எந்நாட்டுக்கு விற்பது என்பன யாவும் பெயரும் முகவரியுமுள்ள மனிதர் கூடியிருந்து எடுத்த முடிவுகள். அவற்றைச் சக்கரம் எனப் பெயரிட்டதும் அவை பருவக்காற்றைப் போன்றாகிவிடுகின்றன, எவரும் பொறுப்பாளியில்லை. ஜெவன்ஸ் இங்கிலாந்தின் நெருக்கடிக்குச் சூரியனைக் குற்றவாளியாக்கியபோது ஆலை முதலாளிகளுக்கு எவ்வித சங்கடமும் நேர்ந்திராது.

பல்கலைக்கழகங்களின் பொருளியற் பாடங்களிலும் இம்மயக்கம் நுழைந்துள்ளது. கோட்பாடொன்றின் தகுதியை அதன் எதிர்வுகூறலின் வெற்றியைக் கொண்டே அளத்தல் வேண்டும் என மில்ரன் பிரீட்மன் 1953இல் வாதிட்டார். அவ்வளவுகோலை ஏற்றுக்கொள்வோர் அதனைத் தம் பக்கமும் திருப்புதல் முறை. ஏன் ஆடுகின்றது என்பதை அவ்ராலியனும் கிளார்க்கும் நூறாண்டுக்கு முன்பே கூறிவிட்டனர், அது அறிவு. எப்போது ஆடும் என்பதை இற்றைவரை எவரும் தொடர்ந்து சரியாகக் கூறியதில்லை. முன்னதைக் கற்பிக்கும் மதிப்பைப் பின்னதற்கு இரவல் கொடுக்கும் விரிவுரையும் கட்டுரையும் மாணவரை ஆய்வாளராக்குவதில்லை, தரகராக்குகின்றன.

எதிர்வுகூறலைத் தடைசெய்தல் இயலாது, அவசியமும் அன்று. வேண்டப்படுவது மிகச் சிறியது. பொறிப் பங்குகளைப் பற்றிய ஒவ்வோர் அறிக்கையின் முதற்பக்கத்திலும், அதனை வெளியிடுவோர் முந்திய மூன்று ஆண்டுகளுக்குக் கூறிய தொகைகளும் மெய்யாக வந்த தொகைகளும் அருகருகே அச்சிடப்படல் வேண்டும். 2023ஆம் ஆண்டுக்கான வரிசையில் 91.2, 87.4, 100 எனவும், அவற்றுக்கு எதிரே 106.3 எனவும் இருக்கும். அதன்கீழ் அடுத்த ஆண்டுக்கான சாதகத்தை அவர்கள் விரும்பியவாறு எழுதிக்கொள்ளலாம்.